அரைப்பேர்

ரெங்கத்தில் மழை பிடித்துக்கொண்டால்
மத்தியானத்தோடு குலை வெட்டு நின்றுவிடும்.
அன்றைக்கு எல்லாருக்கும் அரைப்பேர்.
மண்டோர் குணாளன் டேப்லெட்டில்
ஒன்றை அழுத்திப் பிடிப்பார்.
மேலே குமிழாய் எழும்பும் ½.
தொடுவார். அவர் வேலை முடிந்தது.

என் வேலை அங்கேதான் தொடங்கியது.

சம்பள நிரல் என் கைக்கு வந்தபோது
எனக்கு முன் இருந்தவன் விட்டுப்போன வரி ஒன்று:
எண்ணாகப் படிக்க முடியாததை
சைபர் என்று கொள்.

½ எண்ணாகப் படிக்க முடியாதது.
ஆகவே சைஃபுல், பதினேழாம் பிளாக்,
மழை பெய்த நாலு நாளும்
செம்பனைக்குள் கால் வைக்கவே இல்லை.
நூற்று முப்பது வெள்ளி எழுபத்தாறு காசு.
அவன் கேட்கவில்லை.
கேட்க வேண்டும் என்று தெரிந்தால்தானே.

கோக் வெங் சொன்னான்:
எண் என்றால் சைபரிலிருந்து ஒன்பது.
மற்றதெல்லாம் படம்.
½-ஐ உள்ளே விட்டால் பின்னாலேயே π வரும்,
செருப்பைக் கழற்றாமல் ∞ வரும்.

வரட்டுமே என்றேன்.
அப்புறம் மாடி அறையில் தனியாக யோசித்தேன்;
கீழே கோப்பிக் கடையில்
நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

2½ என்றால் இரண்டோடு அரையைக் கூட்டு.
2π என்றால் இரண்டால் பெருக்கு.
ஒட்டி உட்கார்ந்திருப்பது ஒரே மாதிரிதான்:
ஒன்று கூட்டுக் குடும்பம்,
மற்றது வட்டிக் கணக்கு.
யாருக்கு எது என்று
இயந்திரத்துக்கு யார் சொல்வது?

சும்மா ௧௨ எழுதிக் கேட்டேன்.
பன்னிரண்டு என்றது, தயங்காமல்.
௰ எழுதினேன்.
பத்து என்று அதற்குத் தெரியும்,
உள்ளே ஏதோ அட்டவணையில் குறித்தும் வைத்திருக்கிறது.
ஆனால் எண்ணாக வாசி என்றால்
பிழை என்கிறது.
தெரியும், சொல்ல மாட்டேன்:
குளுவாங் அலுவலகக் கவுண்டரில்
எத்தனை தடவை கேட்ட பதில்.

கோக் வெங் ஜெயித்தான்.
இனிமேல் 0.5 மட்டும்.

அடுத்த மழையில் கையுறை விரலுக்குப்
புள்ளி சிக்கவில்லை. 05.
சுலோச்சனா அக்கா ஒரே நாளில்
அஞ்சு நாள் வேலை பார்த்திருந்தார்.
சம்பளத்தன்று மிச்சத்தை எண்ணிக்
கவரில் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.
"கணக்கு பாருங்க தங்கச்சி."
பார்த்தேன். காசு வரை சரியாக இருந்தது.

அன்றிரவு ½, ¼, ¾ மூன்றுக்கும் கதவைத் திறந்தேன்.
π பெயராகவே இருக்கட்டும்;
மதிப்பு வேண்டுமென்பவர்
எந்த இலக்கத்தில் வெட்டுவதென்று அவரே சொல்லட்டும்
என்று எழுதும்போது கை நின்றது.
ஆயிரத்து எழுநூற்றை இருபத்தாறால் வகுத்து
இரண்டாம் இலக்கத்தில் நான் வெட்டுகிறேனே,
மாதா மாதம்,
யாரைக் கேட்டேன்?

பிறகு அந்தப் பழைய வரியை அழித்தேன்.
படிக்க முடியாவிட்டால்
நில். மண்டோரைக் கூப்பிடு.
சைபர் என்பது
தெரியாது என்பதற்கு இன்னொரு பெயர் இல்லை.

நிலுவையோடு சீட்டு வந்தது. 22½.
சைஃபுல் மழைக்கோட்டோடு வாசலில் நின்று
அந்தக் குறியின் மேல் நகத்தை வைத்தான்.
இனி ஆப்பா?
ஸ்தெங்ஙா, என்றேன். பாதி.

அவன் சீட்டைத் திருப்பிப் பார்த்தான்,
பின்பக்கம் ஒன்றுமில்லை.
கொடுத்த பாதியா, பிடித்த பாதியா
என்று மலாயில் கேட்டான்.

அதற்கு என் நிரலில்
குறி எதுவும் இல்லை.